வீடு நம்முடையது, மண் யாருடையது?



பங்குத் தந்தையிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகள் காலத்திற்குக் காலம் மாறுகின்றன. முன்பெல்லாம் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, பெண்ணுக்கு வந்த வரன் எத்தகையது என்பவையே மிகுதி. அண்மை ஆண்டுகளில் வேறொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. "சாமி, பழைய வீடு ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டால் என்ன?" கேட்பவர் வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியவராக இருப்பார், அல்லது ஓய்வூதியத் தொகையை ஒரே தவணையில் பெற்ற ஆசிரியராக இருப்பார். பெரும்பாலும் அந்தப் பணம்தான் அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பு முழுவதும். ஆகவே இக்கேள்விக்கு "கடவுள் நடத்துவார்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது முறையன்று.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தார்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் கற்பித்தவர்கள் கொத்தனார்களே. ஒழுகும் ஆலயக் கூரை, கரையான் அரித்த பள்ளிக்கூட உத்திரம், உப்புப் பூத்த பங்கு இல்லச் சுவர் என்று இத்தனை ஆண்டுகளில் பழைய கட்டடங்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அந்த அனுபவத்தையும், தாராசுரத்தில் ஒரு குடும்பத்தோடு நடந்து கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தாராசுரத்தைப் பலரும் கோயிலால் அறிவர். இரண்டாம் இராசராச சோழன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் ஊர் என்பது கோயில் மட்டுமன்று. பட்டு நெசவாளர் தெருக்களும், விடியுமுன்னரே இரைச்சல் தொடங்கிவிடும் காய்கறிச் சந்தையும், அரசலாற்றங்கரையும் சேர்ந்ததே தாராசுரம். 2021இல் கும்பகோணம் மாநகராட்சியானபோது இவ்வூரும் அதனுள் அடங்கிற்று. நெசவுத் தெருக்களில் ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கும் ஓட்டு வீடுகள் பல. திண்ணை, இடைகழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நீளவாக்கில் போகும். கூடத்தில் குழித்தறி இருக்கும். பிள்ளைகள் தறியை விட்டுக் கடைக்கும் கணினிக்கும் வெளியூருக்கும் போய்விட, முதியவர்கள் மட்டும் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வருகின்றன.

இங்கே ஒரு கணம் தொலைதூர நாடொன்றை நினைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் "நகரும் வீடு" என்றொரு வகை உண்டு. தொழிற்சாலையில் செய்து, சக்கரங்களின் மேல் இழுத்து வந்து, மனையில் இறக்கி வைப்பார்கள். 1976 ஜூன் 15 முதல் இவ்வீடுகளுக்கென நாடு முழுவதற்கும் ஒரே கட்டுமான விதி நடைமுறைக்கு வந்தது. விதிப்படி கட்டியதற்கு அடையாளமாக வீட்டின் வெளிப்புறத்தில் சிவப்பு உலோகத் தகடு பதித்திருக்கும். பழையவற்றை மலிவாக வாங்கி, மக்கிய தரையையும் ஒழுகும் கூரையையும் சீர்செய்து, வாடகைக்கு விடுவதையே சிலர் தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். பெயர்தான் நகரும் வீடு. ஒரு முறை இறக்கி வைத்தபின் பெரும்பாலானவை நகர்வதில்லை, ஏனெனில் நகர்த்தும் செலவு அவ்வளவு பெரிது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வீடு வாங்கியவருடையது, அது நிற்கும் மனையோ பல இடங்களில் வேறொருவருடையது. மனைக்காரர் வாடகையை உயர்த்தினால் வீட்டுக்காரர் கொடுத்தே ஆகவேண்டும். வீட்டைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கே போவார்?

"அது அமெரிக்கா, சாமி, நம் வீட்டுக்குச் சக்கரம் கிடையாதே" என்பீர்கள். உண்மை. ஆயினும் காவிரி வளநாட்டில் இதே நிலை வேறொரு பெயரில் நெடுங்காலமாக உள்ளது. அதன் பெயர் அடிமனை. கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான மண்ணில், அதற்கு அடிமனை வாடகை செலுத்திக்கொண்டு, தம் செலவில் வீடு கட்டித் தலைமுறையாக வாழ்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அங்கே சுவரும் கூரையும் குடியிருப்பவருடையவை, மண் அவருடையதன்று. இதில் இழிவும் இல்லை, ஏமாற்றும் இல்லை. வீட்டை விற்கும்போதும் வாங்கும்போதும் இவ்வுண்மையை மறந்துவிடுவதால்தான் துன்பம் வருகிறது.

நான் சொல்ல வந்த குடும்பத்தின் தலைவர் வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் குழாய்ப் பணி செய்தவர். கையில் 18 லட்சம் ரூபாய். வளர்ந்த இரு பெண்மக்கள். நெசவுத் தெருவில் ஓர் ஓட்டு வீடு எட்டு லட்சத்துக்கு வருகிறதென்று அறிந்து, முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, ஒரு லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டார். அதன் பிறகே, "சுவர் எப்படி இருக்கிறது என்று வந்து பாருங்கள் சாமி" என்று என்னை அழைத்தார். சுவர் நன்றாகவே இருந்தது. பத்திரத்தைப் பார்க்கலாமா என்றேன். விற்பவரான முதிய நெசவாளர் தகரப் பெட்டியிலிருந்து தம் தந்தை காலத்துப் பத்திரத்தை எடுத்துத் தந்தார். சொத்து விவரத்தில் நான்கெல்லைகளைச் சொல்லி முடித்த பின்னர், "அடிமனை நீங்கலாக மேல்கட்டடம் மட்டும்" என்று ஒரு வரி இருந்தது.

அவ்வரியை முதலில் புரிந்துகொண்டவர் அவருடைய மனைவி. "அப்போ மேலே இருக்கிற ஓட்டுக்கும் சுவருக்குமா சாமி எட்டு லட்சம்?" என்றார். கணவர் பேசவில்லை.

இந்து சமய அறநிலையச் சட்டம் 1959இல் வந்தது. அதன் 34ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை விற்பதோ, அடகு வைப்பதோ, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதோ ஆணையரின் அனுமதியின்றிச் செல்லாது. அடிமனை வாடகையைச் சந்தை மதிப்பைக் கருதி நிர்ணயிக்கவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் நிர்ணயிக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. ஆகவே "மாதம் முப்பது ரூபாய்தானே கட்டுகிறோம்" என்ற பழைய கணக்கை நம்பி எவரும் வாங்கலாகாது. "நெடுங்காலம் இருந்துவிட்டால் மண் நமக்கே ஆகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் நினைவிலிருப்பது சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். 1921இல் பிறந்த அச்சட்டம் பின்னர் வேறு பல நகரங்களுக்கும் விரிந்தது. பிறர் மண்ணில் வீடு கட்டியவருக்குச் சில உரிமைகளைத் தந்தது. ஆனால் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சமய நிறுவனங்களின் நிலம் அதிலிருந்து நீக்கப்பட்டது. அத்திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2005இல் தீர்ப்பளித்தது.

இது கோயில் மண்ணுக்கு மட்டும் உரிய நியாயமன்று. மடம், வக்ஃபு, நம் ஆலயங்கள் ஆகிய எவற்றின் நிலமாயினும், ஒரு நற்செயலுக்கென்று முன்னோர் கொடுத்த மண் அச்செயலுக்கே உரியது. அதில் குடியிருப்பது வேறு. அதை நம்முடையதென்று எண்ணி விலை பேசுவது வேறு.

பொருளாதாரமாகப் பார்த்தாலும் முடிவு இதுவேயாகும். எந்த வீட்டிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஓடும் மரமும் சுவரும் ஆண்டுக்காண்டு தேய்கின்றன. மண்ணின் விலையோ பெரும்பாலும் ஏறுகிறது. தேய்வதை ஏறுவது ஈடு செய்வதால்தான் வீடு முதலீடாகிறது. மண் பிறருடையதாயின் தேயும் பகுதியை மட்டுமே நாம் வாங்குகிறோம். தாம் குடியிருக்க, குறைந்த விலையில், உரிமையாளரின் எழுத்து மூலமான ஒப்புதலோடு அவ்வாறு வாங்குவதில் தவறில்லை. முதலீடென்று எண்ணி வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுவதற்கு அது ஏற்ற இடமன்று.

அக்குடும்பம் விலகிக்கொண்டது. ஆனால் முன்பணம்? முதியவர் அதைக் கூட்டுறவுக் கடனுக்குக் கட்டிவிட்டிருந்தார். அவர் வஞ்சகர் அல்லர். தம் தந்தை வாங்கியதைப் போலவே தாமும் விற்கலாம் என்றே நம்பியிருந்தார். உறவினர் சிலர் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். கணவருக்கும் அந்த எண்ணமே. மூவரும் என் முன்னிலையில் அமர்ந்து பேசி, மாதம் பத்தாயிரமாகப் பத்துத் தவணையில் திருப்பித் தருவதென்று எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் வரும்வரை அவ்வீட்டில் எவருக்கும் நிம்மதியில்லை. நான்காம் மாதம் தவணை வரவில்லை. ஐந்தாம் மாதம் இரண்டும் சேர்ந்து வந்தன. பத்தாம் மாதம் கணக்கு நேரானது. எல்லா முன்பணமும் இவ்வாறு திரும்பும் என்று எவரும் எண்ணவேண்டாம். பத்திரம் பார்த்து முன்பணம் தருவது எளிது. முன்பணம் தந்து பத்திரம் பார்ப்பது கடினம்.

ஆகவே வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் இருக்கவேண்டும். சொத்து விவரத்தை ஒவ்வொரு வரியாகப் படிக்கவேண்டும். இரண்டாவது, பட்டா யார் பெயரில் உள்ளதென்று வருவாய்த்துறைப் பதிவில் காணவேண்டும். மூன்றாவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறவேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். வாய்மொழியாகக் கொடுத்த ஒத்தியையோ, கையெழுத்திடாத சகோதரியின் பங்கையோ அது காட்டாது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் குடும்பங்களில் பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்களித்துள்ளன. நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இன்றி ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றிலொரு பங்கு. மீதி மூன்றிலிரண்டு மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. "சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவளுக்கு என்ன பங்கு?" என்ற பேச்சு சட்டத்தின் முன் நில்லாது.

நான்காவது, தாராசுரத்துக்கே உரிய ஒன்று. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வரையறுக்கிறது. முதல் வட்டத்தில் புதிதாகக் கட்டுவதற்கு இடமில்லை. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடமாயின், உரிய அலுவலரிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம். ஓட்டைப் பிரித்துவிட்டு மாடி எழுப்பலாம் என்ற கனவோடு கோயிலருகே வீடு வாங்குவோர் முதலில் தூரத்தை அளந்துகொள்வது நலம்.

இனி வீட்டுக்குள் வருவோம். பாறை மேல் கட்டிய வீட்டையும் மணல் மேல் கட்டிய வீட்டையும் பற்றிய உவமையை நாம் அறிவோம். நம் ஊரிலோ பாறையே இல்லை. ஆறு கொணர்ந்த வண்டலும் களியும்தான். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதனால் பழைய சுவரில் விரிசல் இருப்பது வியப்பன்று. அவ்விரிசல் இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. அதன் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைக் காரை வைத்து ஒட்டிவிட்டு, சில மாதம் கழித்துப் பாருங்கள். சில்லு உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது.

கூரையில் முதலில் கெடுவது ஓடன்று, மரம். அதிலும் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையே முதலில் மக்கும். உளியால் குத்தினால் உட்புகும் மரத்தை மாற்றியே ஆகவேண்டும். 1860களில் பாசல் மிஷன் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிச் செய்த சீமை ஓடு நம் பக்கமும் பரவி, நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. உடைந்த சீமை ஓட்டுக்கு மாற்று எளிதில் கிடைக்கும். நாட்டு ஓட்டுக்கு, பிரிக்கும் வீடுகளைத் தேடி அலையவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, டெல்டாவில் கூரை இழந்த வீடுகள் எத்தனை என்பதை மறந்திருக்கமாட்டீர்கள்.

சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவருக்குச் சிமெண்டு பூசுவது இன்று பரவலாகக் காணும் பிழை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறும். சிமெண்டு அதைத் தடுப்பதால் ஈரம் மேலும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சோடு செங்கல்லையும் அரிக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. குழித்தறி இருந்த வீட்டில் குழியை எப்படி மூடினார்கள் என்றும் கேளுங்கள். குப்பையும் கட்டைத் துண்டும் போட்டு மேலே ஓடு பதித்திருந்தால், தரை தாழும், கரையானும் வரும். தோண்டி எடுத்து, மணலை அடுக்கடுக்காக இட்டு நீர் விட்டு இடித்த பின்னரே தளம் போடவேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அதில் கைவைக்குமுன் அண்டை வீட்டாரின் ஒப்புதலை எழுதி வாங்குங்கள். வீட்டை ஐப்பசி மழையில் பாருங்கள். பழுதுப் பணியைத் தை மாதத்தில் தொடங்குங்கள். வெயிலில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

முதல் வீட்டை விட்ட அதே குடும்பம் ஓராண்டு கழித்து, நத்தம் பட்டா உள்ள மற்றொரு வீட்டை 12 லட்சத்துக்கு வாங்கியது. அதன் பின்கட்டில் அப்பளம் இட்டுப் பிழைக்கும் முதிய பெண்மணி ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தார். "காலி செய்து தருகிறோம்" என்றார் விற்பவர். காலி வீட்டுக்கு வாடகை கூடுதல் என்று கணவர் கணக்கிட்டார். மனைவி உடன்படவில்லை. "நாம் கூரை போடப் போறோம்னு அந்த அம்மாவோட கூரையைப் பிடுங்குறதா?" என்றார். இரண்டு நாள் அவ்வீட்டில் பேச்சில்லை. முடிவில் முதியவர் பின்கட்டிலேயே இருந்தார். முன்கட்டுக்குச் சந்தையில் வேலை செய்யும் ஓர் இளங்குடும்பம் வந்தது. பத்திரம் இரு பெண்மக்களின் பெயரிலும் பதிவாயிற்று.

கணக்கை அவர் அனுமதியோடு சொல்கிறேன். 2023 ஏப்ரலிலிருந்து விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். ஆக 1,08,000 ரூபாய். பழுதுக்கு மதிப்பிட்டது 2,50,000; ஆனது 4,00,000. மொத்தம் 17,08,000. வாடகை முன்கட்டுக்கு 5,500, பின்கட்டுக்கு 1,500, ஆண்டுக்கு 84,000. முன்கட்டு இரண்டு மாதம் காலியாக இருந்ததில் 11,000 குறைந்தது. வரி, வெள்ளை, ஓடு மாற்றுதல் ஆகியவற்றுக்கு 15,000. மீதி 58,000. அதாவது நூற்றுக்கு மூன்று ரூபாய் நாற்பது காசு! வங்கி வைப்பில் இதைவிடக் கூடுதல் வந்திருக்கும். "வீட்டு வாடகையில் உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று சொல்பவர் வரவை மட்டும் கூட்டுகிறார், செலவைக் கழிப்பதில்லை. ஆயினும் இங்கே மண் அவர்களுடையது. பெண்மக்களுக்கு நிலையானதொரு சொத்து. அவசரத் தேவைக்கு எட்டாத பணமாக அது உறங்கும் என்பதை அறிந்தே அவர்கள் ஏற்றார்கள். கையில் 92,000 மிஞ்சியதுதான் அவர்கள் அச்சம். ஆகவே அந்த ஆண்டு முழுதும் கணவர் உள்ளூரில் மீண்டும் குழாய்ப் பணிக்குப் போனார்.

வாடகைக்கு விடுவோர்க்கும் கடமைகள் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகார அலுவலரிடம் பதியவேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. மின்கம்பிகளைப் புதிதாக்கி, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய எந்த மனிதரையும் அதனுள் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் மனச்சான்று சொல்லும்.

கும்பகோணத்தார் எவராலும் 2004 ஜூலை 16ஆம் நாளை மறக்க முடியாது. பள்ளிக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மடிந்தனர். நம் கூரையின் கீழ்ப் பிறரை இருத்தி அதனால் பணம் பெறும் எவரும் அந்நாளை நினைவில் வைத்திருக்கவேண்டும். வாடகை வாங்குபவர் அதன் கீழ் உறங்குவோரின் உயிருக்கும் பொறுப்பேற்கிறார்.

ஆகவே, பழைய வீடு வாங்க எண்ணும் குடும்பத்தாரே, அவசரப்படாதீர்கள். பத்திரத்தை வழக்கறிஞரிடமும், சுவரைக் கொத்தனாரிடமும், கணக்கை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். மதிப்பிட்ட பழுதுச் செலவில் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்குரிய தொகையைத் தொடாதீர்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் அவ்வீடு உங்களுக்கு ஏற்றதென்று தோன்றினால் வாங்குங்கள். வீட்டை மந்திரிக்க நான் வருகிறேன். வரும்போது ஓர் உளியும் கொண்டுவருவேன்.